வெளிச்சத்தைத் திருப்பினால் பிளவு சுருங்குமா?

2024 மார்ச் 3, கேள்வி

சேர், நான் பண்டாரவளை. பேராதனையில் மூன்றாம் வருடம், பௌதிகவியல். கருத்தரங்குக்கு எனக்குத் தலைப்பாக ஒளி நுண்குழி கிடைத்திருக்கிறது. ஒரே திசையில் படுத்திருக்கும் மூலக்கூறுகளை இரண்டு ஆடிகளுக்கு நடுவில் வைத்தால் நிறமாலையில் ஓர் உச்சி இரண்டாகப் பிளக்கிறது. ஒளியின் முனைவாக்கத் திசையை, அதாவது அதன் மின்புலம் ஆடும் திசையை, மூலக்கூறின் திசையிலிருந்து திருப்பத் திருப்ப, அந்தப் பிளவு கோணத்தின் கோசைன்படி சுருங்கி 90 பாகையில் மறையும் என்று எழுதியிருக்கிறேன். சரிதானே?

2024 மார்ச் 3, இரவு

சரிதான் மகள். மூலக்கூறுக்குள் மின்னேற்றம் ஒரு கோட்டில்தான் முன்னும் பின்னும் ஆடும். ஒளியின் மின்புலம் அந்தக் கோட்டில் எவ்வளவு விழுகிறதோ அவ்வளவுதான் பிணைப்பு. விழும் பங்கு கோசைன். பிளவு பிணைப்புக்கு நேர்விகிதசமன், ஆகவே பிளவும் கோசைன். உறிஞ்சல் என்றால் கோசைனின் வர்க்கம், அந்த இரண்டையும் குழப்பிவிட வேண்டாம். மீதியை ஞாயிற்றுக்கிழமை எழுதுகிறேன், நாளைக்கு ஏழு மணிக்கே வகுப்பு.

2024 மார்ச் 5

தலவாக்கலைத் தம்பி ஒருவர் "எக்சிட்டன் என்றால் என்ன, அதைச் சொல்லாமல் எங்கே போகிறீர்கள்" என்று கேட்டிருக்கிறார். நியாயம். அடியிலிருந்து வருகிறேன்.

ஒரு பொருளில் ஒளி பட்டு ஓர் இலத்திரன் மேல் மட்டத்துக்குப் போனால், அது விட்டுப்போன இடம் நேரேற்றம் கொண்ட துளைபோல நடக்கும். இரண்டும் ஒன்றையொன்று இழுத்துக்கொண்டு ஒரு சோடியாகத் திரிவதுதான் எக்சிட்டன். பௌதிகவியலாளர் பிரெங்கல் 1931-இல் சொன்னது இந்தக் கருத்தைத்தான். சாயப்பொருள், அந்திரசீன் மாதிரியான சேதன (கரிம) பொருள்களில் இந்தச் சோடி ஒரு மூலக்கூறின் அளவுக்குள்ளேயே அடங்கிக் கிடக்கும். அதனால் மூலக்கூறு எப்படிப் படுத்திருக்கிறதோ, எக்சிட்டனின் இருமுனைவும் (மின்னேற்றம் முன்னும் பின்னும் ஆடும் அந்தக் கோடு) அதற்குக் கட்டுப்பட்ட திசையில்தான் இருக்கும்.

நுண்குழி என்பது எதிரெதிராக வைத்த இரண்டு ஆடிகள். நடுவில் உள்ள இடைவெளி ஒளியின் அலைநீளத்தில் பாதி அளவு. முறிவுச்சுட்டி (பொருளுக்குள் அலைநீளம் எத்தனை மடங்கு சுருங்கும் என்ற எண்) 1.7 உள்ள படலம் என்றால் 500 நனோமீற்றர் ஒளிக்கு 147 நனோமீற்றர் தடிப்புப் போதும். (ஆடிக்குள் ஒளி கொஞ்சம் நுழைந்து திரும்புவதைக் கணக்கில் எடுக்கவில்லை.) அந்த நிறத்துக்கு மட்டும் குழி பரிவுறும், அதாவது ஒத்து அதிரும். எக்சிட்டனும் அதே நிறத்தில் ஒளியை எடுப்பதாக இருந்தால், ஒளி எக்சிட்டனாகி, எக்சிட்டன் ஒளியாகி, திரும்பத் திரும்ப மாறிக்கொண்டே இருக்கும். ஆடி வழியே ஒளி தப்புவதற்கும் எக்சிட்டன் குலைவதற்கும் முன்னால் இந்த மாற்றம் நடந்து முடிந்தால் அதுதான் வலுவான பிணைப்பு. அப்போது "இது ஒளி, இது எக்சிட்டன்" என்று பிரித்துச் சொல்ல வழியில்லை. இரண்டும் கலந்த இரண்டு புதிய நிலைகள் வரும், ஒன்று சக்தி குறைந்தது, ஒன்று கூடியது. போலாரிட்டன் என்பது அவைதான். பிளவு என்பது அந்த இரண்டுக்கும் நடுவிலான சக்தி வித்தியாசம்.

குறைகடத்தியில் இதை முதலில் காட்டியது வைஸ்புக், நிஷியோகா, இஷிகாவா, அரக்காவா நான்கு பேரும், 1992-இல். சேதனப் பொருளில் 1998-இல் ஷெஃபீல்டில் லிட்சேயும் கூட இருந்தவர்களும். குறைகடத்தியில் பிளவு சில மில்லி இலத்திரன்வோல்ற்று (சக்தியின் அலகு), அவர்களுடைய சேதனப் பொருளில் ஏறத்தாழ 160. நூற்றறுபது என்றால் ஒளி எக்சிட்டனாகி மறுபடி ஒளியாவதற்கு 26 பெம்டோ செக்கன் (ஒரு பெம்டோ செக்கன் என்பது செக்கனில் பத்துக் கோடி கோடியில் ஒரு பங்கு). பிளவு பெரிதாக இருந்தால் பரிமாற்றம் வேகம், சிறிதாக இருந்தால் மெதுவு. இந்த வரியை மறக்க வேண்டாம், பிறகு தேவைப்படும்.

2024 மார்ச் 9

சொற்களைப் பற்றி. சென்னையிலிருந்து வாசிக்கும் அண்ணன் ஒருவருக்கு "இலத்திரன், மீடிறன், பரிவு, தாயம்" எல்லாம் இடறுகிறதாம். அண்ணே, உங்கள் எலக்ட்ரான், அதிர்வெண், ஒத்ததிர்வு, அணி. நீங்கள் ஆற்றல் என்பதை நாங்கள் சக்தி என்கிறோம். நான் படித்ததும் இப்போது உயர்தரப் பிள்ளைகளுக்குப் படிப்பிப்பதும் இந்தச் சொற்களில்தான். மாற்றி எழுதினால் இங்கே தோட்ட லயத்து வீட்டிலிருந்து வாசிக்கிற பிள்ளைதான் தடுமாறும்.

2024 மார்ச் 17

மார்ச் 3-ஆம் திகதி நான் சொன்ன பதில் பிழை. கேட்ட பிள்ளை அதை அப்படியே எழுதிவிடக் கூடாது என்பதால் இதை முதலில் சொல்கிறேன்.

பிழை தெரிந்தது குசினிப் பக்கத்தில். பிணைந்த ஊசல்களை வைத்து வலுவான பிணைப்பை விளக்கலாம் என்று, உடுப்புக் காயப்போடும் கொடியில் அரை லீற்றர் தண்ணீர்ப் போத்தல் இரண்டைத் தொங்கவிட்டேன். கொடி கொய்யா மரத்திலிருந்து சுவர் ஆணிவரைக்கும் போகிறது. நைலோன் நூல் அறுபது சென்ரிமீற்றர், இரண்டும் ஒரே நீளம், ஓர் ஆட்டத்துக்கு ஒன்றரைச் செக்கன். போத்தல்களுக்கு நடுவே ஒரு முழம் இடைவெளி.

ஒரு போத்தலைக் கொடிக்குக் குறுக்கே இழுத்து விட்டால், அது கொடியைப் பக்கவாட்டில் அசைக்கும். அந்த அசைவு பக்கத்துப் போத்தலை ஆட்டும். பதினான்கு ஆட்டத்தில் முதல் போத்தல் நின்றேவிட்டது, இரண்டாவது முழு வீச்சில் ஆடியது. இன்னொரு பதினான்கில் திரும்பி வந்தது. கொடியின் நீளத்தோடு ஒட்டி இழுத்து விட்டால் அப்படி இல்லை. இறுக்கிக் கட்டிய கயிறு நீளவாக்கில் அசையாது, பக்கத்துப் போத்தலுக்கு ஏறக்குறைய ஒன்றும் போகவில்லை. இதுவரை எல்லோரும் எதிர்பார்ப்பதுதான். பிணைப்புக்குத் திசை உண்டு.

அப்புறம் நாற்பத்தைந்து பாகையில் சாய்த்து விட்டேன். நான் எழுதியது சரியென்றால் பிணைப்பு 0.71 மடங்காகக் குறைய வேண்டும், பரிமாற்றம் மெதுவாக வேண்டும், பதினான்குக்குப் பதில் இருபது ஆட்டம் எடுக்க வேண்டும். எண்ணினேன். பதினான்கு. மறுபடி எண்ணினேன், மகனையும் கூப்பிட்டு எண்ணச் சொன்னேன், பதினான்கேதான்.

நடந்தது என்னவென்றால், முதல் போத்தலின் சாய்ந்த ஆட்டம் கொஞ்சம் கொஞ்சமாக நீள்வட்டமாகி, பதினான்காவது ஆட்டத்தில் கொடியோடு ஒட்டிய திசையில் மட்டும் ஆடிக்கொண்டிருந்தது. அதன் குறுக்குப் பங்கு முழுவதையும் பக்கத்துப் போத்தல் எடுத்துக்கொண்டு குறுக்கே ஆடிக்கொண்டிருந்தது. சாய்வாக விட்ட ஆட்டம் ஒரு ஆட்டமே இல்லை, இரண்டு. ஒன்று முழு வலிமையோடு பிணைந்துகொண்டது. மற்றது பக்கத்தில் ஒரு போத்தல் இருப்பதே தெரியாமல் ஆடியது. நடுத்தரமான பிணைப்பு என்று ஒன்று அந்தக் கொடியில் இல்லவே இல்லை.

மழை வந்துவிட்டது, போத்தலைக் கழற்ற ஓடினேன். நாளைக்கு ஒளிக்கு வருகிறேன்.

2024 மார்ச் 18

ஒளியிலும் அதேதான். மூலக்கூறுகள் எல்லாம் ஒரே திசையில் படலத்தின் தளத்திலேயே படுத்திருக்கட்டும், ஒளி நேர்செங்குத்தாக விழட்டும். குழிக்குள் இரண்டு ஒளி நிலைகள் உண்டு, ஒன்று மூலக்கூறோடு ஒட்டி ஆடுவது, மற்றது குறுக்கே ஆடுவது. முதலாவது மட்டுந்தான் எக்சிட்டனோடு கலந்து இரண்டாகப் பிளக்கும். இரண்டாவது அப்படியே ஒற்றை உச்சியாக இருக்கும். நீங்கள் வெளியிலிருந்து எந்தக் கோணத்தில் முனைவாக்கிய ஒளியை அனுப்பினாலும் அது இந்த இரண்டாகப் பிரிந்துதான் உள்ளே போகும்.

அதனால் முனைவாக்கியை (ஒரு திசையில் ஆடும் ஒளியை மட்டும் விடும் தாளை) திருப்பும்போது உச்சிகள் நகராது. பிளந்த இரண்டு உச்சிகளும் நின்ற இடத்தில் நின்றபடி கோசைனின் வர்க்கப்படி தேயும், நடுவில் இருக்கும் ஒற்றை உச்சி சைனின் வர்க்கப்படி வளரும். முப்பது பாகையில் முக்கால், கால். நாற்பத்தைந்தில் பாதி, பாதி. மகள், உங்கள் படத்தில் இரண்டு உச்சிகள் நெருங்கி வந்து ஒன்றாகிற மாதிரி வரைந்திருந்தால் அழித்துவிடுங்கள். மூன்று உச்சி வரையுங்கள்.

நிறமாலைமானியின் பிரிதிறன் போதாவிட்டால், அல்லது உச்சிகள் அகலமாக இருந்தால், மூன்றும் ஒன்றோடொன்று குழைந்து "நெருங்கி வருகிறது" என்று கண்ணுக்குத் தோன்றும். அந்தத் தோற்றத்துக்கு ஒரு கோசைன் வளைகோடு பொருத்திவிட ரொம்ப இலேசு. அதுதான் எனக்குப் பயம்.

2024 மார்ச் 31

அப்படியானால் கோசைனுக்கு எங்கேயுமே வேலை இல்லையா என்று பண்டாரவளைப் பிள்ளை கேட்டிருக்கிறார். நல்ல கேள்வி, இரண்டு நாளாக அதே யோசனை.

வேலை உண்டு. ஒளியைத் திருப்பும்போது இல்லை, மூலக்கூறைத் திருப்பும்போது. மூலக்கூறு படலத்தில் படுக்காமல் மேல்நோக்கிச் சாய்ந்து நிற்கட்டும். நேர்செங்குத்தாக வரும் ஒளியின் மின்புலம் முழுக்கப் படலத்தின் தளத்தில்தான் கிடக்கும், மேல்நோக்கிய பங்கு அதற்குக் கிடையாது. மூலக்கூறின் தளத்திலான பங்கைத்தான் அதனால் தொட முடியும். தளத்திலிருந்து 60 பாகை நிமிர்ந்தால் பிளவு பாதி, உறிஞ்சல் கால். முழுக்க நட்டுக்க நின்றால் நேராக வரும் ஒளிக்கு அங்கே எக்சிட்டன் இருப்பதே தெரியாது. இங்கே உச்சிகள் உண்மையாகவே நெருங்கும், ஏனென்றால் பிணைப்பே குறைந்துவிட்டது. கொடியில் இதைச் செய்ய வேண்டுமென்றால் போத்தலைத் திருப்பிப் பயனில்லை, கொடியையே மாற்ற வேண்டும்.

இதே கணக்கில்தான் மூலக்கூறை வரிசையாக அடுக்குவதன் இலாபமும் இருக்கிறது. எட்டுத் திக்கும் மேலும் கீழுமாகக் கலைந்து கிடந்தால் கோசைன் வர்க்கத்தின் சராசரி மூன்றில் ஒன்று. தளத்துக்குள் மட்டும் கலைந்து கிடந்தால் இரண்டில் ஒன்று. எல்லாவற்றையும் ஒளி ஆடும் திசைக்கே படுக்கவைத்தால் ஒன்று. பிளவு இதன் வர்க்கமூலத்தைப் பின்பற்றும். ஆகவே ஒரு மூலக்கூறுகூடச் சேர்க்காமல், இருப்பதை ஒழுங்காக அடுக்கியே முழுக்கக் கலைந்த நிலையிலிருந்து 1.73 மடங்கு, தளத்துக்குள் கலைந்த நிலையிலிருந்து 1.41 மடங்கு பிளவு கூடும். தேயிலைக் கொழுந்தை அமுக்காமல் கூடையில் இன்னும் கொஞ்சம் இடம்பிடிக்கிற கைப்பழக்கம் அம்மாவிடம் பார்த்திருக்கிறேன், அதுதான் ஞாபகம் வந்தது. அம்மாவுக்கு 1.73 கிடைக்கவில்லை.

2024 ஏப்ரல் 14

புத்தாண்டு வாழ்த்துகள். காலையிலேயே காசல்ரீ நீர்த்தேக்கப் பக்கம் போனோம், வானம் துடைத்த மாதிரி இருந்தது. பையில் ஒரு முனைவாக்கித் தாள் வைத்திருந்தேன், பழுதான கணிப்பானின் திரையிலிருந்து உரித்தது. படிப்பிக்கிற பள்ளிக்கூட ஆய்வுகூடத்தில் இப்படி ஒரு தாள் வாங்கித் தரச் சொல்லி மூன்று வருடமாகக் கேட்கிறேன், வரவில்லை. அதனால் பிள்ளைகளிடம் பழைய கணிப்பான் கேட்டு வாங்குகிறேன்.

தாளைக் கண்ணுக்கு முன்னால் பிடித்துத் திருப்பினால் நீர்த்தேக்கத்தின் பளபளப்பு ஒரு திசையில் அப்படியே செத்துவிடும், அடியில் கிடக்கும் கல் தெரியும். செங்குத்திலிருந்து ஏறத்தாழ 53 பாகையில் தண்ணீரைப் பார்த்தால்தான் முழுக்கச் சாகும். கரையோரத் தேயிலைச் செடியில் இன்னும் அழகு. முற்றின இலையின் மேல் மெழுகுப் பூச்சில் வெள்ளையாகத் தெரிகிற பளபளப்பு, தாளைத் திருப்பியதும் கழன்று, உள்ளிருக்கும் கரும்பச்சை வந்து நிற்கிறது. கொழுந்து இலையில் அவ்வளவு மாற்றம் தெரியவில்லை. பத்து மணிக்குப் பிறகு மூடுபனி ஏறியது, அதன் பக்கம் தாளைத் திருப்பினால் எந்தத் திசையிலும் ஒரே வெளிச்சம். துளிக்குத் துளி பட்டுச் சிதறிய ஒளியில் திசை மிஞ்சுவதில்லை.

இதை இங்கே எழுதக் காரணம் வேறு. அந்தத் தாளே திசைப்படுத்திய மூலக்கூறுதான். இழுத்து நீட்டிய பொலிவைனைல் அற்ககோல் படலம், அந்தச் சங்கிலிகளோடு ஒட்டி வரிசைகட்டிய அயடீன். சங்கிலியோடு ஒட்டி ஆடும் ஒளியை அது விழுங்கும், குறுக்கே ஆடுவதை விட்டுவிடும். எட்வின் லாண்ட் செய்தது. அதையே இரண்டு ஆடிகளுக்கு நடுவில் வைத்தால் என்ன என்று தம்பி கேட்பார், எனக்குத் தெரியும். வைக்கலாம், ஆனால் அயடீனின் உறிஞ்சல் கண்ணுக்குத் தெரியும் நிறம் முழுவதும் பரந்து கிடக்கிறது. பிளவு தெரிய வேண்டுமென்றால் அது உச்சியின் அகலத்தைவிடப் பெரிதாக வேண்டும். இங்கே அகலமே எல்லாவற்றையும் மூடிவிடும்.

இன்னொன்றையும் சொல்லியே ஆக வேண்டும். மூலக்கூறு பளிங்குக்குள் (படிகத்துக்குள்) எந்தத் திசையில் படுத்திருக்கிறது என்பதை, பென்சீன் வளையங்கள் கொண்ட பளிங்குகளின் காந்தப் பண்பு திசைக்குத் திசை மாறுவதை அளந்து தேடியவர்களில் நம்முடைய கே. எஸ். கிருஷ்ணன் ஒருவர், வத்திராயிருப்புக்காரர், சி. வி. ராமனோடு வேலை செய்தவர். அவருடைய அந்த வேலை 1930-களின் தொடக்கத்தில். 2008-இல் கேனா-கோகனும் போரஸ்ட்டும் ஒரு நுண்குழிக்குள் ஒற்றைப் பளிங்கு ஒன்றை வைத்தார்கள், அது அந்திரசீன். அந்திரசீன் பளிங்கில் திரும்பத் திரும்ப வரும் ஒரு அலகுக்கு இரண்டு மூலக்கூறுகள், ஒன்றுக்கொன்று சாய்ந்து கிடக்கும். அதனால் பளிங்கின் ஓர் அச்சோடு ஆடும் ஒளிக்கு ஒரு பிளவு, மற்ற அச்சோடு ஆடுவதற்கு வேறொரு பிளவு. நடுவில் தனியாக நிற்கும் வெறும் உச்சி அங்கே கிடையாது. ஆகவே மார்ச் 18-இல் "மூன்று உச்சி" என்றது முழுக்க ஒரே திசையில் கிடப்பவற்றுக்கு மட்டும். அதையும் திருத்திக்கொள்ளுங்கள்.

2024 ஏப்ரல் 27

பண்டாரவளைப் பிள்ளை மடிக்கணினியில் பரிமாற்றத் தாயம் போட்டு அடுக்கு அடுக்காகக் கணக்கிட்டு ஒரு படம் அனுப்பியிருக்கிறார். மூன்று உச்சி வந்திருக்கிறது, எனக்கு எவ்வளவு சந்தோசம் என்று சொல்லத் தெரியவில்லை. ஆனால் நடு உச்சி நடுவில் இல்லை. நீலப் பக்கம் தள்ளிப்போய், சக்தி கூடிய மேல் போலாரிட்டனோடு ஏறக்குறைய ஒட்டிக்கொண்டு நிற்கிறது. "எங்கே பிழை விட்டேன் சேர்?"

பிழை இல்லை மகள். வரிசையாக அடுக்கிய படலத்துக்கு முறிவுச்சுட்டியும் திசைக்குத் திசை வேறு, மூலக்கூறோடு ஒட்டிக் கூட, குறுக்கே குறைய. நீங்கள் போட்ட எண்களையே எடுப்போம். ஒட்டி 1.7, குறுக்கே 1.6, தடிப்பு 147. ஒட்டிய திசையில் குழி 500 நனோமீற்றரில் பரிவுறும், குறுக்கே 470-இல். 1240-ஐ நனோமீற்றரால் வகுத்தால் இலத்திரன்வோல்ற்று, ஆகவே 2.48-உம் 2.64-உம். வித்தியாசம் 0.16. எக்சிட்டன் ஒன்றுமே இல்லாவிட்டாலும் இந்த நகர்வு இருக்கும், அளவும் லிட்சே குழுவின் பிளவு அளவுக்கே வருகிறது. ஒட்டி ஒரு தரம், குறுக்கே ஒரு தரம் அளந்து "உச்சி நகர்ந்துவிட்டது, எனவே பிணைப்பு மாறிவிட்டது" என்று ஒருவர் சொன்னால், முதலில் முறிவுச்சுட்டி எவ்வளவு என்று கேட்க வேண்டும். மார்ச் 18-இல் இதை நான் யோசிக்கவேயில்லை.

2024 மே 11

கருத்தரங்கு முடிந்ததாம். கேட்ட கேள்வி இரண்டு.

முதலாவது: வெளியே வரும் பக்கமும் ஒரு முனைவாக்கி வைத்து, அதை உள்ளே போகும் முனைவாக்கிக்குச் செங்குத்தாகத் திருப்பினால் இருட்டுத்தானே? இல்லை. நாற்பத்தைந்து பாகையில் அனுப்பினால் ஒட்டிய பங்கும் குறுக்குப் பங்கும் வெவ்வேறு அளவில், வெவ்வேறு அவத்தையில் (ஆட்டத்தின் கட்டத்தில்) வெளியே வரும். இரண்டும் சேரும்போது பழைய திசை திரும்பக் கிடைக்காது, போத்தல் நீள்வட்டமாக ஆடிய மாதிரி. போலாரிட்டன் இரண்டின் நிறத்திலும் ஒட்டிய பங்கு மட்டும் கடக்கிறது, நடு உச்சியின் நிறத்தில் குறுக்குப் பங்கு மட்டும். ஒவ்வொன்றிலும் கால் பங்கு குறுக்கு முனைவாக்கியைத் தாண்டி வந்துவிடும். மற்ற நிறமெல்லாம் இருட்டு. மூன்று உச்சிகளையும் ஒரே படத்தில் சுத்தமாகக் காட்ட இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியாது.

இரண்டாவது: நட்டுக்க நிற்கும் மூலக்கூறை எந்த ஒளியாலும் தொட முடியாதா? தொடலாம், ஒளியைச் சாய்த்து அனுப்ப வேண்டும். சாய்ந்து வரும் ஒளியிலும் மின்புலம் படலத்தின் தளத்திலேயே ஆடும் வகை ஒன்று உண்டு, அதற்கு இப்போதும் ஒன்றும் தெரியாது. மற்ற வகையில் மின்புலத்துக்கு மேல்நோக்கிய பங்கு ஒன்று கிடைக்கிறது, சாய்வு கூடக்கூட அதுவும் கூடும். அந்தப் பங்கு மட்டும் நிற்கிற மூலக்கூறோடு பிணையும். அவர் இதற்குப் பதில் சொல்லாமல் உட்கார்ந்துவிட்டதாக எழுதியிருக்கிறார். கவலைப்பட வேண்டாம், உங்கள் நிரலில் படுகோணத்தை 0-இலிருந்து 60 வரைக்கும் ஓடவிடுங்கள், தளத்துக்குச் செங்குத்தான முறிவுச்சுட்டியையும் தனியாகக் கொடுங்கள், அது தானாக வரும். வந்ததும் படத்தை இங்கே போடுங்கள்.